அமெரிக்க யூனிவர்சிட்டில கத்தோலிக்க கேம்பஸ் மினிஸ்டரா போறீங்களா? முதல் வருஷத்துக்கு ஒரு வழிகாட்டி

போன மாசம் திருச்சி பக்கத்து ஃபாதர் ஒருத்தர் போன் பண்ணாரு. அமெரிக்கா வந்து ரெண்டு வருஷம் ஒரு பங்குல உதவி பங்குத்தந்தையா இருந்திருக்காரு, இப்ப ஆயர் அவரை ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டி நியூமன் சென்டருக்கு, அதாவது கத்தோலிக்க மாணவர்களுக்கான மையத்துக்கு, மாத்திட்டாரு. "அக்கா, இங்க பங்குப் பேரவை இல்ல, மாதா சபை இல்ல, அன்பியம் இல்ல, கோயில் முழுக்க இருபது வயசுப் பிள்ளைங்க, அதுலயும் கால்வாசி வருஷா வருஷம் மே மாசத்துல ஊரை விட்டே போயிடுமாம், நான் எதைப் புடிச்சு ஆரம்பிக்கறது"ன்னாரு. அவர்கிட்ட ஒரு மணி நேரம் பேசினதைத்தான் கொஞ்சம் கோர்வையா இங்க எழுதறேன். தமிழ்நாட்டுல இருந்து நெறைய ஃபாதர்மாரும் சிஸ்டர்மாரும் இங்க மறைமாவட்டங்கள்ல வேலை பாக்கறாங்க, என்னை மாதிரி பொதுநிலை ஆளுங்களும் இந்த வேலைக்கு வர்றாங்க, அதனால மூணு பேருக்கும் சேத்தே சொல்றேன். நான் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க இருக்கற ஆள், ஒன்பது வருஷமா ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டில இதே வேலை.

ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே சொல்லிடறேன், மத்தது எல்லாம் இதுல இருந்துதான் வருது. பிள்ளைங்க எப்ப தேடி வரும்னு நம்மளால சொல்ல முடியாது, ஆனா தேடி வர்ற அன்னிக்கு நாம அங்க இருக்கணும். போஸ்டர், ப்ரோக்ராம், பீட்சா எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இது என்ன இடம்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

ரெண்டு வகை இருக்கு. நோட்ர டாம், ஜார்ஜ்டவுன், பாஸ்டன் காலேஜ் மாதிரி கத்தோலிக்க யூனிவர்சிட்டில சேந்தீங்கன்னா கேம்பஸ் மினிஸ்ட்ரிங்கறது யூனிவர்சிட்டியோட ஒரு ஆபீஸ், சம்பளம் பட்ஜெட் எல்லாம் அவங்க குடுப்பாங்க, ஹாஸ்டல்லயே சேப்பல் இருக்கும். ஸ்டேட் யூனிவர்சிட்டினா நாம விருந்தாளி. கேம்பஸுக்கு வெளிய, ரோட்டுக்கு எதிர்ல, மறைமாவட்டத்துக்குச் சொந்தமான கட்டடம்தான் பெரும்பாலும் நியூமன் சென்டர். பென்சில்வேனியா யூனிவர்சிட்டில 1893ல கத்தோலிக்க மாணவர்கள் சேந்து ஆரம்பிச்ச நியூமன் கிளப்தான் இதுக்கு எல்லாம் தொடக்கம். கத்தோலிக்கம் இல்லாத யூனிவர்சிட்டிக்குப் போனா விசுவாசம் போயிடும்னு வீட்ல பயந்த காலம் அது, பிள்ளைங்க தாங்களே கூடி ஒரு இடத்தை உண்டாக்கிக்கிட்டாங்க. இங்கிலாந்துக் கர்தினால் நியூமன் பேரைத்தான் அதுக்கு வெச்சாங்க, அவர் இறந்து மூணே வருஷம் அப்போ. 2019 அக்டோபர் 13ல அவரைப் புனிதராக்கினாங்க, 2025 நவம்பர் 1ல மறைவல்லுநரா அறிவிச்சாங்க. இதயம் இதயத்தோட பேசுதுங்கறது அவரோட விருதுவாக்கு, எங்க ஆபீஸ் கதவுல அதை எழுதி ஒட்டியிருக்கேன்.

நம்ம ஊர்ல ஐக்கஃப்ல (கத்தோலிக்க காலேஜ் மாணவர்களோட அகில இந்திய இயக்கம்) இருந்தவங்களுக்கு இது பாதி தெரிஞ்ச விஷயம்தான். 1924ல ஆரம்பிச்ச இயக்கம் அது, கிராமத்துக்குப் போறது, சமூகப் பிரச்சனை பேசறதுன்னு அதோட ருசியே வேற. இங்க வர்ற பிள்ளைங்களுக்கு அதைவிட முந்தின கேள்வி ஒண்ணு இருக்கு: அம்மா எழுப்பி விடாம ஞாயித்துக்கிழமை நானே எந்திரிச்சு பூசைக்குப் போவேனா? அந்தக் கேள்விக்கு அது பதில் கண்டுபிடிக்கற நாலு வருஷம் இது. திருச்சபைச் சட்டம் 813 கூட, ஆயர் மாணவர்கள் மேல அக்கறை எடுக்கணும், கத்தோலிக்கம் இல்லாத யூனிவர்சிட்டிலயும் மையங்கள் இருக்கணும்னு தெளிவா சொல்லுது. அதனால உங்களை அங்க போட்டது ஏதோ ஓரமா ஒதுக்கி வெச்சதா யாராவது சொன்னா நம்பாதீங்க.

சேர்றதுக்கு முன்னாடி எழுத்துல வாங்க வேண்டியது

சம்பளம் யார் குடுக்கறாங்க, மறைமாவட்டமா யூனிவர்சிட்டியா? உங்களுக்கு மேல யாரு? பட்ஜெட் எவ்ளோ, அதுல எவ்ளோ நீங்களே திரட்டணும்? வாரத்துல எந்த நாள் லீவு? இதெல்லாம் கேக்க கூச்சப்படாதீங்க, நம்ம ஊர்ல தேவ ஊழியம்னு சொல்லி லீவு கேக்காம இருந்தே பழகிட்டோம், இங்க அப்டி இருந்தீங்கன்னா மூணாவது வருஷம் ஆளே இருக்க மாட்டீங்க. பொதுநிலை ஆளுங்களுக்கு ஆரம்ப வேலைக்கு டிகிரி போதும்னு நெறைய இடத்துல சொல்லுவாங்க, டைரக்டர் போஸ்ட்னா இறையியல்லயோ மேய்ப்புப்பணிலயோ மாஸ்டர்ஸ் கேப்பாங்க. மத ஊழியர்களுக்கான ஆர்-1 விசால வர்ற ஃபாதர், சிஸ்டருக்கு மொத்தமே அஞ்சு வருஷம்தான், அதையும் மனசுல வெச்சு மறைமாவட்ட ஆபீஸ்ல முன்கூட்டியே பேசிடுங்க.

2002ல அமெரிக்க ஆயர்கள் கொண்டு வந்த பாதுகாப்பு விதிகள்படி பேக்ரவுண்ட் செக்கும் பாதுகாப்பான சூழலுக்கான ட்ரெயினிங்கும் முடிக்காம யாரும் வேலையைத் தொட முடியாது. இதை ஃபார்ம் நிரப்பற வேலையா மட்டும் பாக்காதீங்க, ஒரு முழு நாள் ஒதுக்கி ஒழுங்கா உக்காந்து படிங்க. கேம்பஸ்ல எல்லாரும் பெரியவங்கன்னு நெனப்போம், முதல் வருஷத்துல 17 வயசுப் பிள்ளைங்களும் இருக்கு, சட்டப்படி அது குழந்தை.

அதைவிட முக்கியமா யூனிவர்சிட்டில டைட்டில் நைன் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கும், பாலியல் தொந்தரவு, பாலியல் வன்முறை பத்தின புகாரெல்லாம் அங்கதான் போகும். ஒரு பொண்ணு உங்ககிட்ட வந்து தனக்கு நடந்ததைச் சொன்னா அதை நீங்க அந்த ஆபீஸுக்குச் சொல்லியே ஆகணுமா, இல்ல ரகசியமா வெச்சுக்கலாமா? இது இடத்துக்கு இடம், பதவிக்குப் பதவி மாறும். முதல் வாரத்துலயே அந்த ஆபீஸுக்கு நேர்ல போய் கேளுங்க, பதிலை ஈமெயில்ல வாங்கி வெச்சுக்கோங்க. ஏன்னா அந்தப் பொண்ணு அழ ஆரம்பிச்ச பிறகு அதைத் தேடிக்கிட்டு இருக்க முடியாது.

ஜூன், ஜூலை: நடந்து பழகுங்க

கேம்பஸ் காலியா இருக்கும், இதுதான் நல்ல நேரம். முதல் வருஷப் பிள்ளைங்க ஹாஸ்டல் எது, சாப்பாட்டு ஹால் எது, கவுன்சலிங் சென்டர் எந்த மாடி, இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் ஆபீஸ் எங்க, எல்லாத்துக்கும் நடந்தே போங்க. போற இடத்துல ஒரு ஆளோட பேராவது தெரிஞ்சுக்கிட்டு வாங்க. கவுன்சலிங் சென்டர்ல ஒருத்தர், ஹாஸ்டல் பாத்துக்கற டீன் ஆபீஸ்ல ஒருத்தர், கேம்பஸ் போலீஸ்ல ஒருத்தர், இவங்க மூணு பேர் உங்க முகத்தைப் பாத்திருந்தா அக்டோபர்ல ராத்திரி பதினோரு மணிக்கு நீங்க போன் பண்ணும்போது பேச்சே வேற மாதிரி இருக்கும். லூத்தரன், மெதடிஸ்ட், யூத, முஸ்லிம் மாணவர்களுக்கு இருக்கற சேப்ளின்களையும், அதாவது அவங்கவங்க மத வழிகாட்டிகளையும், போய் பாருங்க. எனக்கு முதல் வருஷம் அதிகமா கை குடுத்தது அங்க முப்பது வருஷமா இருந்த ஒரு யூத ரப்பைதான், எந்த வாரம் பிள்ளைங்க ஒடிஞ்சு போவாங்கன்னு நாள்காட்டி போட்டே சொல்லிக் குடுத்தாரு.

அப்புறம் உங்க நேரத்தை மாத்துங்க. காலைல எட்டுல இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் ஆபீஸ்ல உக்காந்தா ஈ காக்கா வராது. பிள்ளைங்களோட நாள் ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் ஆரம்பிக்குது. நான் மத்தியானம் ஒரு மணிக்கு வருவேன், வாரத்துல மூணு நாள் ராத்திரி பத்தரை வரைக்கும் இருப்பேன், இதை வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே பேசி முடிவு பண்ணதால குடும்பத்துல பிரச்சனை வரல. ஞாயித்துக்கிழமை பூசையும் அப்டித்தான், காலைல பத்து மணிப் பூசைக்கு பேராசிரியர் குடும்பங்கள் வரும், ராத்திரி எட்டு மணிப் பூசைக்குத்தான் பிள்ளைங்க ஈரத் தலையோட, செருப்போட ஓடி வரும்.

ஆகஸ்ட்: முதல் ஆறு வாரம்

ஹாஸ்டலுக்கு குடி வர்ற அன்னிக்கு நல்ல வெயில் இருக்கும், அப்பா அம்மா காரை நிறுத்த இடம் இல்லாம சுத்திக்கிட்டு இருப்பாங்க. பழைய மாணவர்கள் பத்து பேரைக் கூட்டிட்டுப் போய் பெட்டி தூக்குங்க. பேச்சு ஒண்ணும் வேண்டாம், பெட்டி தூக்குனா போதும், டி-ஷர்ட்ல நியூமன் சென்டர்னு எழுதியிருக்கறதை அந்த அம்மா படிச்சுப்பாங்க, கிளம்பறப்ப பையன் காதுல சொல்லிட்டும் போவாங்க.

கிளப் எல்லாம் மேசை போடற நாள் ஒண்ணு வரும். மேசைக்குப் பின்னாடி உக்காராதீங்க, முன்னாடி வந்து நில்லுங்க. பேரும் போன் நம்பரும் வாங்குங்க, வாங்குன பேருக்கு ரெண்டு நாளுக்குள்ள ஆள் பேசணும், அதுவும் நீங்க பேசக் கூடாது, அதே வயசுல இருக்கற இன்னொரு மாணவரோ மாணவியோ பேசணும். நான் முதல் வருஷம் நானூறு பேரை ஒரு ஷீட்ல வாங்கி வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் ஒரே ஈமெயிலை ஒரே நாள்ல அனுப்பினேன், பன்னெண்டு பேர் வந்தாங்க. அடுத்த வருஷம் நூத்தம்பது பேருதான் கிடைச்சுது, ஆனா இருபது மாணவர்கள் பங்கு போட்டு ஒவ்வொருத்தருக்கா மெசேஜ் பண்ணி "நான் உன் ஹாஸ்டல்லதான் இருக்கேன், ஞாயித்துக்கிழமை சேந்தே நடந்து போலாமா"ன்னு கேட்டாங்க, எழுபது பேருக்கு மேல வந்தாங்க. தனியா கோயிலுக்குள்ள நுழையறதுதான் அந்த வயசுல ரொம்ப கஷ்டம், கூட ஒரு ஆள் இருந்தா வந்துடும்.

பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. எப்டியாவது. நான் ஒரு நோட்டு வெச்சிருக்கேன், பூசை முடிஞ்சு சாப்பாடு முடிஞ்சு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கார்லயே உக்காந்து அன்னிக்குப் புதுசா பாத்தவங்க பேரு, ஊரு, என்ன படிக்கறாங்க, அடுத்த வாரம் என்ன பரீட்சை இதை எல்லாம் எழுதிடுவேன். சொந்த விஷயம் ஒரு வரி கூட அந்த நோட்டுல எழுத மாட்டேன், தொலைஞ்சு போனா யார் கைக்குப் போகும்னு தெரியாது இல்லையா. அடுத்த ஞாயிறு "கெமிஸ்ட்ரி எப்டிப் போச்சு"ன்னு கேட்டா அந்த முகம் மாறுது பாருங்க, அதுக்காகவே எழுதலாம்.

யூனிவர்சிட்டில மாணவர் அமைப்பா ரெஜிஸ்டர் பண்ணிடுங்க. தலைவர், பொருளாளர் எல்லாம் மாணவர்களா இருக்கணும், நீங்க ஆலோசகர்தான். ஸ்டேட் யூனிவர்சிட்டில மத அமைப்புக்கு ரூம் குடுக்க மாட்டோம்னு யாராவது கிளார்க் சொன்னா சண்டை போடாதீங்க, மத்த மாணவர் அமைப்புக்குத் திறந்து விட்ட ரூமை மத அமைப்புங்கறதுக்காக மறுக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1981லயே விட்மர் வழக்குல சொல்லிடுச்சு, வர்ஜீனியா யூனிவர்சிட்டி சம்பந்தப்பட்ட ரோசன்பெர்கர் வழக்குல 1995ல மாணவர் நிதி விஷயத்துலயும் அதே மாதிரி தீர்ப்பு வந்துச்சு. அமைதியா மேலதிகாரிகிட்ட கேட்டா ரூம் கிடைச்சுடும்.

சின்னக் குழு

நம்ம ஊர் அன்பியம் தெரிஞ்சவங்களுக்கு இதை ரெண்டே வரில சொல்லிடலாம். ஆறேழு பேர், ஹாஸ்டல் ரூம்ல, வாரம் ஒரு நாள், பைபிள் வாசிச்சு பேசறது, நடத்தறது ஒரு மாணவர். நீங்க நடத்தாதீங்க, நடத்தறவங்களுக்கு வாரம் ஒரு தடவை சோறு போட்டு அவங்க குழுவைப் பத்திக் கேளுங்க. சில கேம்பஸ்ல ஃபோகஸ் மிஷனரிகள் இருப்பாங்க, 1998ல கேன்சஸ்ல பெனடிக்டீன் காலேஜ்ல ஆரம்பிச்ச அமைப்பு, காலேஜ் முடிச்ச இளைஞர்கள் தங்களோட சம்பளத்தைத் தாங்களே நன்கொடையா திரட்டிக்கிட்டு வந்து வேலை செய்வாங்க. நல்ல பிள்ளைங்க, நல்ல உழைப்பு, ஆனா அவங்களுக்குன்னு ஒரு முறை இருக்கு, அதுக்குள்ள அடங்காத பிள்ளைங்களும் கேம்பஸ்ல இருக்கும்: ராத்திரி வேலைக்குப் போறவங்க, குழந்தை வெச்சிருக்கற பிஎச்டி மாணவி, ஆராதனைப் பாட்டு புடிக்காதவங்க. அவங்க உங்க பொறுப்பு.

ஒரு பிள்ளை வந்து எதிர்ல உக்காந்தா

இதைப் பத்திதான் அதிகமா எழுதணும்னு நெனச்சேன். அக்டோபர் நடுவுல மிட்டெர்ம் முடிஞ்ச உடனே ஆரம்பிக்கும். ஒரு பையன் எங்க சென்டருக்கு பிரிண்ட் எடுக்க வந்தான், எங்ககிட்ட பிரிண்ட் ஃப்ரீ. எடுத்துட்டுப் போகல, சோபால உக்காந்தான், மழை வருதான்னு ஜன்னலைப் பாத்தான், நாய் இருக்கா உங்க வீட்லன்னு கேட்டான். நான் லேப்டாப்பை மூடி வெச்சேன். நாப்பது நிமிஷம் நாயைப் பத்திப் பேசினோம், அதுக்கு அப்புறம்தான் ரெண்டு வாரமா கிளாசுக்கே போகலன்னு சொன்னான். எதுக்கோ வந்த மாதிரிதான் எல்லாருமே வருவாங்க, அதனாலதான் காபி, பிரிண்டர், சோபா இதெல்லாம் சும்மா சௌகரியத்துக்குன்னு நெனக்காதீங்கன்னு புதுசா வர்றவங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன்.

அப்ப என்ன பண்ணணும்? கேளுங்க. உபதேசம் வேண்டாம், "உனக்காக ஜெபிக்கறேன்"னு சொல்லி எழுந்திரிக்கவும் வேண்டாம், ஜெபம் கண்டிப்பா பண்ணுங்க, ஆனா முழுசா கேட்டதுக்கு அப்புறம். பேச்சுல "இனிமே இருந்து என்ன", "யாருக்கும் பாரமா இருக்க வேண்டாம்" மாதிரி எது வந்தாலும் நேரடியா கேட்டுடுங்க: "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" நம்ம ஊர்ல அப்டிக் கேட்டா நாமே யோசனை குடுத்த மாதிரி ஆயிடும்னு பயப்படுவோம். அப்டி ஆகாது, கேட்டா அவங்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்குது. ஆமான்னா தனியா விடாதீங்க. தற்கொலைத் தடுப்பு உதவி நம்பர் 988க்கு போன் பண்ணலாம், மெசேஜும் அனுப்பலாம், நாடு முழுக்க எந்த நேரமும் எடுப்பாங்க, 2022 ஜூலைல இருந்து இந்த மூணு இலக்க நம்பர் இருக்கு. கவுன்சலிங் சென்டருக்கு கூடவே நடந்து போங்க, நம்பரை எழுதிக் குடுத்து அனுப்பறது பத்தாது. ஆபத்து பக்கத்துல தெரிஞ்சா அவசர போலீஸ், ஆம்புலன்ஸ் நம்பர் 911. எந்தக் காரணத்துக்கும் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு முன்கூட்டி வாக்கு குடுக்காதீங்க.

ரகசியம் பத்தி ஃபாதர்மாருக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. பாவசங்கீர்த்தனத்துல கேட்டது முத்திரை போட்டது, எந்த நிலைமையிலயும் வெளிய வரக் கூடாது, அங்க கேட்டதை வெச்சு அப்புறமா அந்தப் பிள்ளைய வேற மாதிரி நடத்தவும் கூடாது. அதனால ஃபாதர், பேச்சும் பாவசங்கீர்த்தனமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலக்கற மாதிரி இருந்தா "இது இப்ப பாவசங்கீர்த்தனமா, இல்ல பேசிக்கிட்டு இருக்கமா"ன்னு கேட்டுத் தெளிவு பண்ணிக்கோங்க. என்னை மாதிரி பொதுநிலை ஆளுக்கோ சிஸ்டருக்கோ அந்த முத்திரை கிடையாது. பேச்சு கனமாகும்போது மெதுவா சொல்லிடுங்க: "நீ சொல்றதை நான் மதிக்கறேன், ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்குதுன்னாலோ நான் சொல்லித்தான் ஆகணும்." டைட்டில் நைன் ஆபீஸ்ல உங்களுக்கு என்ன பதில் வந்துச்சோ அதையும் இங்கயே சேத்துச் சொல்லணும். சொன்னா பேச மாட்டாங்கன்னு பயந்தேன், என் அனுபவத்துல பெரும்பாலும் பேசறாங்க.

ரூம் கதவுல கண்ணாடி இருக்கணும். ஹாஸ்டல் ரூமுக்குத் தனியா போகாதீங்க, காரில் தனியா கூட்டிட்டுப் போகாதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு மெசேஜ்ல அறிவுரை எழுதாதீங்க, "நாளைக்கு ஒரு மணிக்கு வா, இப்ப அவசரம்னா 988"ன்னு மட்டும் போடுங்க. நீங்க கவுன்சலர் இல்ல, அம்மாவும் இல்ல. மூணாவது தடவையும் அதே விஷயம், கூடிக்கிட்டே போகுதுன்னா படிச்ச ஆள்கிட்ட சேத்துடுங்க, சேத்துட்டு நீங்க விலகிடாதீங்க, ஞாயித்துக்கிழமை தட்டுல சோறு போடறப்ப "எப்டி இருக்க"ன்னு கேக்க நீங்கதான் இருக்கீங்க.

அப்புறம் ஊர்ல இருந்து போன் வரும். எனக்கு வந்திருக்கு, ஒரு அம்மா: "சிஸ்டர், என் பையன் பூசைக்கு வர்றானா, ரெண்டு நாளா போனை எடுக்கல." நான் சிஸ்டர் இல்லங்கம்மான்னு சொல்லி, பதட்டப்படாதீங்க, அவன்கிட்ட உங்களுக்கு போன் பண்ணச் சொல்றேன்னு மட்டும் சொன்னேன். 1974 கல்வித் தனியுரிமைச் சட்டம்படி காலேஜே பெத்தவங்களுக்கு மார்க்கைக் கூட தானா சொல்லாது. நமக்கு அந்தச் சட்டம் நேரா பொருந்துதோ இல்லையோ, மேஜரான பிள்ளை பூசைக்கு வர்றதை வராததை அவன் அனுமதி இல்லாம நாம சொன்னா அதுக்கு அப்புறம் அவன் நம்ம சோபால உக்கார மாட்டான். ஆனா அந்த அம்மா பயமும் பொய் இல்ல, அதனால அன்னிக்கு சாயங்காலமே அவன் ஹாஸ்டல் வாசல்ல ஒரு நண்பனை அனுப்பிப் பாத்தோம், போன் உடைஞ்சிருந்துச்சு, அவ்ளோதான். உள்ள இருந்து பதில் இல்லன்னா கேம்பஸ் போலீஸ்கிட்ட சொன்னா போய் பாத்துட்டு வருவாங்க.

நவம்பர்: வீட்டுக்குப் போக முடியாதவங்க

தேங்க்ஸ்கிவிங் நவம்பர் நாலாவது வியாழன். அமெரிக்கப் பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்குப் போயிடும், சாப்பாட்டு ஹால் மூடிடும், நம்ம ஊர் மாஸ்டர்ஸ் பிள்ளைங்க நாலு நாள் நூடுல்ஸ் தின்னுட்டு ரூம்ல கெடக்கும். அன்னிக்கு சென்டரைத் திறந்து வையுங்க. எங்க மேசைல வான்கோழியும் இருக்கும், ஒரு பெரிய குண்டான்ல பிரியாணியும் இருக்கும், நைஜீரியாப் பிள்ளைங்க ஜொலோஃப் சோறு கொண்டு வருவாங்க, இந்துப் பிள்ளைங்களும் வருவாங்க, வந்தா சந்தோஷம். கேரளத்துப் பிள்ளைங்க நெறைய பேர் சீரோ மலபார் திருச்சபை, அதுவும் கத்தோலிக்கம்தான், வழிபாட்டு முறைதான் வேற, அவங்களுக்கு இங்க சிக்காகோல தனி மறைமாவட்டமே இருக்கு, 2001ல வந்தது. அவங்களை லத்தீன் முறைக்கு இழுக்க வேண்டாம், பக்கத்துல அவங்க கோயில் எங்க இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

ஒரு எச்சரிக்கை. எஃப்-1 விசால (மாணவர் விசா) இருக்கற பிள்ளைங்க பாசத்துல எதையும் செய்வாங்க, கம்ப்யூட்டர் வேலை, கிச்சன் வேலை, அதுக்கு நூறு டாலர் கையில குடுக்கத் தோணும். குடுக்காதீங்க. அனுமதி இல்லாம வெளிய வேலை பாத்ததா ஆச்சுன்னா அவங்க விசாவுக்கே ஆபத்து. சம்பளம் குடுக்கற எதுவா இருந்தாலும் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேட்டுட்டு.

திருச்சபைல சேர வர்றவங்க

வருஷா வருஷம் சில பேர் வருவாங்க, ரூம்மேட் கூட பூசைக்கு வந்து பழகி, இல்ல தத்துவ கிளாஸ்ல ஏதோ படிச்சுட்டு. செப்டம்பர்ல வகுப்பு ஆரம்பிச்சா பாஸ்கா திருவிழிப்புல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி வழிபாட்டுல, முடியும். முதல் கேள்வி: ஞானஸ்நானம் வாங்கியாச்சா? சி.எஸ்.ஐ.லயோ மெதடிஸ்ட்லயோ தந்தை மகன் தூய ஆவி பேரால தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் வாங்குனவங்களுக்கு மறுபடி குடுக்கக் கூடாது, அவங்க விசுவாசத்தை அறிக்கையிட்டு உள்ள வர்றாங்க. ரெண்டு கூட்டத்தையும் ஒரே வரிசைல நிறுத்திக் குழப்பாதீங்க. கத்தோலிக்கப் பிள்ளை, ஆனா உறுதிபூசுதல் வாங்கலன்னு வர்றவங்களும் உண்டு, அவங்க ஊர்க் கோயில்ல இருந்து புதுசா எடுத்த ஞானஸ்நான சர்டிபிகேட் வேணும். நம்ம ஊர்க் கோயில்ல இருந்து அது வர மாசக்கணக்காகும், அக்டோபர்லயே கேக்கச் சொல்லுங்க. பாஸ்கா சமயத்துல பரீட்சையோ லீவோ வந்து மோதும், காலண்டரை ஆகஸ்ட்லயே பாத்துடுங்க.

சாம்பல் புதன்

தவக்காலம் ஆரம்பிக்கற நாள், வருஷத்துலயே பெரிய கூட்டம் அன்னிக்குத்தான். கடன் திருநாள் கிடையாது, வரலன்னா பாவமும் இல்ல, ஆனா கிறிஸ்மஸுக்கு வராத பிள்ளை கூட நெத்தில சாம்பல் வாங்க வரும். முதல் வருஷம் எனக்கு இது தெரியாம ரெண்டு பூசை மட்டும் வெச்சேன், வரிசை கட்டடத்தைச் சுத்தி ரோடு வரைக்கும் போச்சு, கிளாசுக்கு நேரமாகி எத்தனையோ பேர் திரும்பிப் போனாங்க, அது இன்னைக்கும் எனக்கு வருத்தம்தான். இப்ப காலைல ஏழரைல இருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் பூசையும் வார்த்தை வழிபாடுமா ஆறு நேரம் வெக்கறோம், சாம்பல் பூச பொதுநிலையினரும் உதவலாம். வாங்கிட்டுப் போற ஒவ்வொரு கையிலயும் சின்ன சீட்டு ஒண்ணு: பாவசங்கீர்த்தன நேரம், ஞாயிறு பூசை நேரம், ஒரு போன் நம்பர். ரெண்டு பக்கம் பூராம் எழுதாதீங்க, தூக்கிப் போட்டுடுவாங்க.

ஒருசந்தி, அதாவது உபவாசம், பத்தி ஒண்ணு சொல்லணும். 18ல இருந்து 59 வயசு வரைக்கும் அன்னிக்கு ஒருசந்தி, 14க்கு மேல இறைச்சி கிடையாது, இதை எல்லாரும் அறிவிப்புல சொல்லுவாங்க. சொல்லாம விடறது: நோயாளிகளுக்கு இது இல்ல. கேம்பஸ்ல சாப்பாட்டோட போராடற பிள்ளைங்க நம்ம கண்ணுக்குத் தெரியறதைவிட அதிகம், சாப்பிடாம இருக்கறதே நோயா இருக்கற ஒரு பொண்ணுக்கு ஒருசந்தி ஒரு சாக்கு ஆயிடும். ஒவ்வொரு வருஷமும் நான் மைக்ல சொல்றேன், "சாப்பாடு விஷயத்துல உனக்கு வைத்தியம் நடக்குதுன்னா இன்னைக்கு ஒழுங்கா சாப்பிடறதுதான் உன் தவம், சந்தேகம்னா வந்து கேளு." வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் பூசை முடிஞ்சு வந்து நிக்கறாங்க.

காசு

பிள்ளைங்க காணிக்கைல கரண்ட் பில் கூட கட்ட முடியாது. மறைமாவட்டம் கொஞ்சம் குடுக்கும், மீதி பழைய மாணவர்களும் பெத்தவங்களும்தான். காசு கேக்க நான் ரொம்ப தயங்குவேன், இப்ப வருஷத்துல ரெண்டு கடிதம், அதுல கணக்கு, ஒரு போட்டோ, பிள்ளைங்க கையெழுத்துல நன்றி. கணக்கை நீங்க ஒருத்தரே பாக்காதீங்க, காணிக்கை எண்ணும்போது எப்பவும் ரெண்டு பேர்.

மே

1985ல அமெரிக்க ஆயர்கள் கேம்பஸ் மினிஸ்ட்ரிக்குன்னே ஒரு மேய்ப்புப்பணி மடல் எழுதுனாங்க, அதுல ஆறு வேலை சொல்லியிருக்காங்க: விசுவாசக் குழுவை உருவாக்கறது, விசுவாசத்தைச் சொந்தமாக்கிக்க உதவறது, மனசாட்சியைப் பண்படுத்தறது, நீதிக்காகப் பயிற்சி குடுக்கறது, ஆள் வளர உதவறது, நாளைய தலைவர்களை உண்டாக்கறது. வருஷக் கடைசில நான் அந்த ஆறையும் எழுதி வெச்சு எதை விட்டேன்னு பாப்பேன், எனக்கு எப்பவும் நீதிதான் கொறையும், அடுத்த மார்ச் லீவுல எங்கயாவது வீடு கட்டற வேலைக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு அப்பதான் குறிச்சு வெப்பேன்.

பட்டம் வாங்கிட்டுப் போற பிள்ளைங்களுக்கு கடைசி வேலை ஒண்ணு பாக்கி இருக்கு. நாலு வருஷம் நம்மகூட இருந்தது, சியாட்டிலுக்கோ டல்லாசுக்கோ வேலைக்குப் போனதும் பூசைக்குப் போறதை விட்டுடும், ஏன்னா அங்க யாரையும் தெரியாது, சராசரி வயசு அறுபது இருக்கற பங்குல போய் தனியா உக்காரணும். அதனால ஏப்ரல் மாசம் ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு எந்த ஊர், எந்த ஏரியா, அபார்ட்மெண்ட் எங்கன்னு கேளுங்க. அந்தப் பக்கத்துப் பங்கு எது, ஞாயிறு சாயங்காலப் பூசை எத்தனை மணிக்கு, எங்ககிட்ட முன்னாடி இருந்த பிள்ளைங்க யாராவது அங்க இருக்காங்களான்னு தேடுங்க. பங்குத்தந்தைக்கு போன் பண்ணி, பிள்ளைகிட்ட சம்மதம் வாங்கிட்டு, பேர் சொல்லுங்க, "இவன் பீடத்துல உதவி செஞ்சவன், கிட்டார் வாசிப்பான், ஜூன் முதல் வாரம் வர்றான்"னு. நான் ஒரு கார்டுல கோயில் பேரு, அட்ரஸ், பூசை நேரம், அங்க இருக்கற ஒரு ஆளோட பேரு எழுதி கடைசிப் பூசைல கையில குடுப்பேன். ஜூன் ரெண்டாவது ஞாயிறு சாயங்காலம் "போனியா?"ன்னு ஒரு மெசேஜ் போடுவேன். போகலன்னு பதில் வந்தா அடுத்த ஞாயிறும் போடுவேன்.